முதலில் அலமாரியைக் கழியுங்கள், அப்புறம் நிதி கேளுங்கள்

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களை நிறையவே படித்திருக்கிறேன். அநேகமாக எல்லாம் ஒரே அச்சு. "எங்கள் மாணவர்கள் வாசிப்பில் ஆர்வமுள்ளவர்கள், போதிய நூல்கள் இல்லை, தாங்கள் மனமுவந்து உதவ வேண்டும்." எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற கடிதம் இது. இதைப் படித்து முடிவெடுக்கிறவர் எதை வைத்து உங்களைத் தேர்ந்தெடுப்பார்?

புதுப் புத்தகத்துக்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் காலாவதியானதை அலமாரியிலிருந்து நீக்கிக் கழிக்க வேண்டும் என்பது என் கட்சி. பலருக்கும் இது பிடிப்பதில்லை. ஆனால் 2006-லேயே புளூட்டோ குறுங்கோள் ஆகிவிட்டது. இன்னமும் அதை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் புத்தகம் உங்கள் அலமாரியில் இருக்கிறதா இல்லையா? 2011-ல் பிறந்த தெற்கு சூடான் இல்லாத உலக வரைபட நூல்? 2016-ல் பெயர் சூட்டப்பட்ட நிகோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஒகனெசான் இல்லாத தனிம அட்டவணை? இவற்றையெல்லாம் இருப்பில் வைத்துக்கொண்டு 'அறிவியல் நூல்கள் இத்தனை' என்று எண்ணிக்கை காட்டினால், அந்த எண்ணிக்கையே உங்களுக்கு எதிராக நிற்கும். அலமாரிதான் நிறைந்திருக்கிறதே, இவர்களுக்கு எதற்கு நிதி என்றுதான் தோன்றும்.

எதைக் கழிப்பது என்று குழம்ப வேண்டாம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நூலகம் பரப்பிய 'க்ரூ' (CREW) என்ற நூல் கழிக்கும் முறை நூலகர்களிடையே வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தகவல் தவறிப்போனதா, கிழிந்து நைந்ததா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, சாரமில்லாததா, நம் பிள்ளைகளுக்குத் தொடர்பில்லாததா, வேறிடத்தில் சுலபமாகக் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். கூடவே பதிப்பாண்டையும், கடைசியாக எப்போது எடுத்துப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்று 1931-லேயே இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கான தன் ஐந்து விதிகளில் கடைசி விதியாக எழுதிவைத்தார். நாம் வளர்வதை மட்டும் பிடித்துக்கொண்டோம், பழையதை உதிர்க்கும் உயிரி என்பதை விட்டுவிட்டோம். (கணக்குத் தணிக்கையில் கேள்வி வருமே என்ற பயம் நியாயமானதுதான். உங்கள் பள்ளிக்குரிய விதிப்படி ஒப்புதல் வாங்கி, பதிவேட்டில் காரணம் எழுதிக் கழித்தால் பதில் சொல்வது எளிது.)

இந்த வேலை முடிந்ததும் விண்ணப்பத்தில் பாதி தானாகவே எழுதப்பட்டிருக்கும். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி பகுப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரிப் பதிப்பாண்டைக் கணக்கிடுங்கள். "அறிவியலுக்கான 500-ஆம் பிரிவின் சராசரிப் பதிப்பாண்டு 1994, சென்ற கல்வியாண்டில் அதிலிருந்து வழங்கப்பட்டவை மிகக் குறைவு, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான சூழலியல் நூல்களை மட்டும் இந்த முறை புதுப்பிக்கப் போகிறோம்" என்று எழுதிப் பாருங்கள். ஆண்டு உதாரணத்துக்குச் சொன்னது, உங்களுடையது இன்னும் மோசமாக இருக்கலாம். மோசமாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். அதுதான் உங்கள் வாதம். முழு நூலகத்தையும் புதுப்பிக்கக் கேட்பவரைவிட ஒரு பிரிவைக் கேட்பவரை நம்புவது எளிது.

எங்கே தேடுவது? 'நூலக நிதி' என்ற பெயரில் வருவதை மட்டும் தேடினால் சீக்கிரமே தீர்ந்துவிடும். சுற்றுச்சூழல், பெண் கல்வி, தாய்மொழி வாசிப்பு, பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் என்று வேறு நோக்கங்களுக்கு இருக்கும் அறக்கட்டளைப் பணத்திலும் புத்தகம் வாங்க இடமுண்டு. பெரிய எழுத்து நூல்களும் ஒலிநூல்களும் கடைசியாகச் சொன்னதில் அழகாகப் பொருந்தும். ஒரு அமைப்பு இதற்குமுன் யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல் கிடைத்தால், அவர்களின் அறிவிப்பைவிட அதைக் கவனமாகப் படியுங்கள். உண்மையான விருப்பம் அங்கேதான் தெரியும். முன்னாள் மாணவர்களை மறக்க வேண்டாம், விண்ணப்பப் படிவமே இல்லாத நிதி அது.

பட்ஜெட்டில் புத்தக விலையை மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். உறை, முதுகு லேபிள், பார்கோடு, பட்டியலிடும் உழைப்பு, அனுப்பும் செலவு எல்லாம் யார் தலையில்? இவற்றில் எதை அனுமதிப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். சம்பளத்துக்கும் மரச்சாமானுக்கும் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். விதிமுறையைப் படித்துவிட்டு, மீதியைப் பள்ளி ஏற்கும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி இணையுங்கள். அந்தத் தாள் ஒன்றே விண்ணப்பத்தின் கனத்தைக் கூட்டும்.

பணத்துக்குப் பதில் புத்தகமாகத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் கழித்ததை நாம் மறுபடி உட்கார்ந்து கழிக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு வேண்டிய தலைப்புகள் இவை என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

'நாங்கள் சொல்லும் நூல்களைத்தான் வாங்க வேண்டும்' என்று நிதி தருபவர் போடும் நிபந்தனையோடு வரும் பணத்தை நான் வாங்கமாட்டேன். தேர்வு நூலகர், ஆசிரியர், மாணவர் கையில் இருக்க வேண்டும். இதில் எனக்கு உடன்படாதவர்கள் நிறைய உண்டு, 'வருகிற பணத்தை ஏன் விட வேண்டும்' என்பார்கள். வாங்கிய பிறகு யாரும் தொடாத அந்த வரிசையை அடுத்த விண்ணப்பத்தில் எந்தக் கணக்கில் காட்டுவது என்றும் அவர்களே சொல்லட்டும்.