குறை சொல்லக் கூடாத குடியேறிகள்

"இங்கிலாந்திலிருந்து இங்கே வரும் வெள்ளைக்காரனுக்கு என்ன கவலை? அதே மொழி, அதே அரசர், ரோட்டில் அதே இடப்பக்கம். பெட்டியை இறக்கிய மறுநாளே உள்ளூர்க்காரன் ஆகிவிடுவான்." போன வாரம் ஒரு விருந்தில் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து பதினான்கு வருடங்களாக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஜனவரியில் எங்கள் எதிர்வீட்டுக்கு மான்செஸ்டரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கணவன், மனைவி இருவருக்கும் முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். ஐந்து வயதில் ஒரு மகள், நடக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மகன். நாற்பது டிகிரி கொதித்த ஒரு பிற்பகலில் வந்து இறங்கினார்கள். கார் கதவைத் திறந்ததும் அந்தப் பெண்குழந்தை, "அம்மா, யாரோ அடுப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள்" என்றாள். அவர்களுடைய பெட்டியில் மூன்று ஜோடி மழைக்காலணிகள் இருந்தன. அதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள்.

முதல் வாரம் படுக்கை விரிப்பு வாங்க எதிர்வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கிறாள். மாடியில் ஒரு பிரிவுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'மான்செஸ்டர்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெயரே அதுதான். ஒரு காலத்தில் பருத்தித் துணியெல்லாம் அந்த ஊர் ஆலைகளிலிருந்து கப்பலில் வந்ததால் ஊர்ப்பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. பிறந்த ஊரின் பெயர் தலைக்கு மேலே தொங்க, கையில் இரண்டு தலையணை உறைகளோடு அங்கேயே நின்று அழுதுவிட்டதாக என்னிடம் சொன்னாள். நகைச்சுவையாகச் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள்.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். மான்செஸ்டரில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன், தனக்குக் கீழே இரண்டு பேரை வைத்திருந்தவன். இங்கே வெளிநாட்டு எலக்ட்ரீஷியன் நேராக முழு உரிமம் பெற முடியாது. திறன் மதிப்பீடு, இந்த நாட்டு விதிகளுக்கான கூடுதல் படிப்பு, அதுவரை உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை. இப்போது அவனை மேற்பார்வை செய்பவனுக்கு இருபத்தாறு வயது. வாடகை வீடு பிடிக்கப் போனால் இந்த நாட்டில் இதற்கு முன் வாடகை கட்டிய சரித்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். கிடைத்த வீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து அலமாரி, அடுப்பு, குளியலறை என்று பார்த்துவிட்டுப் போகிறார். வருடத்துக்கு நான்கு முறைவரை பார்க்கலாம் என்பது இந்த மாநிலத்துச் சட்டம். முதல் சோதனைக்கு முந்தைய இரவு அவள் ஜன்னல் சட்டத்தின் பள்ளங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்ததை என் சமையலறையிலிருந்து பார்த்தேன். எனக்குப் பழகிவிட்டது, இப்போதெல்லாம் நான் அடுப்பை மட்டும்தான் துடைக்கிறேன்.

இதெல்லாம் யாருக்கும் நடப்பதுதான், எனக்கும் நடந்தது. தாங்க முடியாதது நேரம்தான். குழந்தைகளின் பாட்டி மான்செஸ்டரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். இங்கே குழந்தைகளுக்குத் தூங்கும் நேரமான மாலை ஆறரை, அவருக்குக் காலை பதினொன்றரை; கல்லாவில் நிற்பார். அவர் வீடு திரும்பும் மாலை ஆறு மணி, இங்கே நள்ளிரவு ஒரு மணி. ஆக, பாட்டிக்கும் பேத்திக்கும் மிஞ்சுவது சனி, ஞாயிறு. பையன் நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. பாட்டி அதை நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தார், அதற்குள் அவன் ஓட ஆரம்பித்திருந்தான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

நான் வந்த புதிதில் எதைப் பற்றி முனகினாலும் கேட்க ஆள் இருந்தது. கறிவேப்பிலை விலை, ஈக்களின் தொல்லை, ஆறு மணிக்கே அடங்கிப்போகும் கடைத்தெரு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், போனில் மணிக்கணக்காகப் புலம்பியிருக்கிறேன். ஆஸ்திரேலியர்களும் "பாவம், புது நாடு, புது மொழி" என்று பரிவோடுதான் கேட்டார்கள். (நான் ஆங்கில வழியில் படித்தவள் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. பரிவை யார் வேண்டாம் என்பார்கள்?) அப்படிப் புலம்பிப் புலம்பித்தான் எனக்கு இந்த ஊர் பழகியது.

அவளுக்கு அந்த வசதி இல்லை. ஆங்கிலேயர்களுக்கு இங்கே 'பாம்' (Pom) என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதற்கு முன்னால் எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவது 'விஞ்ஜிங்' என்ற சொல். ஓயாமல் சிணுங்குகிறவர்கள் என்று பொருள். லண்டன் விமானம் தரையிறங்கி இன்ஜினை நிறுத்திய பிறகும் முனகல் சத்தம் நிற்காது என்பது இங்கே பல தலைமுறை கண்ட நகைச்சுவை. பிப்ரவரியில் பள்ளி வாசலில் அவள் வெயிலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தொப்பி இல்லாத குழந்தையை விளையாட விடமாட்டார்கள் என்பது இங்கே பள்ளி விதி. அன்று மகள் தொப்பியை மறந்துவிட்டு நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சிரித்துக்கொண்டே, "அதற்குள் ஆரம்பித்துவிட்டீர்களா?" என்றாள். தீய எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அன்றோடு இவள் வாயை மூடிக்கொண்டாள்.

சரி, ஊரில் இருக்கும் தோழிகளிடம் சொல்லலாமே என்றால், கடற்கரைப் படங்களை அவளே அனுப்பி வைத்திருக்கிறாள். அங்கே மழையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் போய் நீல வானத்தைக் குறை சொன்னால் "உனக்கென்ன?" என்பார்கள். "நீங்களும் வெளியிலிருந்து வந்தவர், அதனால் உங்களிடம் சொல்லலாம்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். எனக்கு அது வியப்பாக இருந்தது. குடியேறி என்றால் நான், அவள் ஏதோ வீடு மாற்றி வந்தவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த நாடும் இந்த நாடும் அவளை அப்படித்தான் நினைக்கின்றன.

இது புதிதும் அல்ல. எங்கள் தெருக்கோடியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். 1965-இல் லிவர்பூலிலிருந்து கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் கப்பலேறி வந்தவர். ஆஸ்திரேலியா அப்போது பிரிட்டிஷ்காரர்களை வருந்தி அழைத்துக்கொண்டிருந்தது. 1947-இல் தொடங்கிய உதவிப் பயணத் திட்டத்தில் பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்துப் பவுண்டு, குழந்தைகளுக்கு இலவசம். நான்கு பேர் கொண்ட அந்தக் குடும்பம் இருபது பவுண்டில் உலகத்தின் மறுகோடிக்கு வந்தது. 'பத்துப் பவுண்டு பாம்கள்' என்றே இவர்களுக்குப் பெயர். பத்து லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்தார்கள். 1966-இல் வேல்ஸிலிருந்து அடிலெய்டுக்கு வந்த ஐந்து வயதுக்குள்ளான சிறுமி ஒருத்தி, ஜூலியா கில்லார்ட், பின்னாளில் பிரதமரே ஆனார்.

பாட்டியின் கதை அவ்வளவு கம்பீரமானதல்ல. சூயஸ், ஏடன், கொழும்பு வழியாக நான்கு வாரம். கொழும்பில் வாங்கிய மரயானை ஒன்று இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. "உங்கள் ஊரில் வாங்கியது" என்று என்னிடம் காட்டினார், நான் திருத்தவில்லை. பெர்த்தின் துறைமுகமான ஃப்ரீமாண்டிலில் இறங்கியதும் தங்க வைத்தது தகரக் கொட்டகையில், பொதுச் சாப்பாட்டுக்கூடம், தினமும் ஆட்டிறைச்சி. முதன்முதலாக ஒரு விருந்துக்கு அழைத்தவர்கள் "ஒரு தட்டு கொண்டு வாருங்கள்" என்றார்களாம். இங்கே அதற்கு ஏதாவது சமைத்து எடுத்து வா என்று பொருள். பாவம், வீட்டுக்காரியிடம் தட்டுக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்று இவர் நான்கு காலித் தட்டுகளை எடுத்துப் போயிருக்கிறார். ஒரே மொழியாம்!

திரும்பிப் போகலாம் என்றால் இரண்டு வருடத்துக்குள் போனால் அரசு கொடுத்த பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஊருக்குப் போகும் செலவும் சொந்தப் பொறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு 1968வரை இருந்துவிட்டுத் திரும்பினார்கள். லிவர்பூலில் குளிர் தாங்கவில்லை, அம்மாவோடும் ஒத்துப்போகவில்லை. 1970-இல் மறுபடி கப்பல், இந்த முறை சொந்தக் காசு. இவர் மட்டும் இல்லை, வந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் திரும்பிப் போனார்கள். அவர்களில் பலர் மீண்டும் வந்தார்கள். 'பூமராங் பாம்' என்று அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்கே வந்தது. அவர்களைப் பத்துப் பவுண்டுக்குக் கூவி அழைத்த அதே காலத்தில் என் தாத்தா விண்ணப்பித்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். 1901-இல் வந்த குடியேற்றத் தடைச் சட்டம், ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை எழுதச் சொல்லி வேண்டாதவர்களைத் தோற்கடித்த தேர்வு, வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடாத வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை. அந்தக் கொள்கை முழுமையாக ஒழிய 1973 ஆயிற்று. இன்றும் நான் பேச வாயைத் திறப்பதற்கு முன்பே "எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். எதிர்வீட்டுக்காரியிடம் அவள் பேசிய பிறகுதான் கேட்பார்கள். அவள் மகளிடம் இன்னும் இரண்டு வருடத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. என் மகளிடம், இங்கேயே பிறந்தவளிடம், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. அதற்காக, பாட்டி முகத்தைப் பார்க்க ஒரு குழந்தை சனிக்கிழமைவரை காத்திருப்பதை நான் நையாண்டி செய்ய வேண்டுமா? விருந்தில் அந்த நண்பரிடம் இதைத்தான் கேட்டேன். அவர் சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார்.

இப்போது ஜூலை, இங்கே குளிர்காலம். இந்த ஊர் வீடுகள் வெயிலுக்குக் கட்டியவை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மர நிறத்தில் டைல்ஸ் பதித்த தரை, வீடு முழுவதும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. நேற்றிரவு எட்டு மணிக்கு அவள் கம்பளிக் கோட்டோடும் அந்த மழைக்காலணியோடும் என் வாசலில் நின்றாள். "இங்கிலாந்தில்கூட நான் வீட்டுக்குள் இப்படி நடுங்கியதில்லை!" என்று தெருவே கேட்கும்படி சொன்னாள். நாயோடு நடந்து வந்த லிவர்பூல் பாட்டி நின்று, "நான் இதை அறுபது வருடமாகச் சொல்கிறேன்" என்றார். இருவரையும் உள்ளே அழைத்து இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். என் வீட்டிலும் குளிர்தான். இந்த ஊர் ஜன்னல்களையும், அவற்றைப் பொருத்தியவர்களையும், அவர்களுடைய முன்னோர்களையும் மூவரும் சேர்ந்து பத்தரை மணிவரை திட்டிக்கொண்டிருந்தோம்.