வெளி இருந்தால்தான் வெளிமான்

சென்ற சனிக்கிழமை விடியற்காலையில் என் மகளை அழைத்துக்கொண்டு கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்குச் சென்றிருந்தேன். பனிக்காலத்தில் அங்கே போகிறவர்களில் பலர் பூநாரைகளைத் தேடித்தான் போகிறார்கள். நாங்கள் வெளிமானைப் பார்க்கப் போனோம். 1967ஆம் ஆண்டு அந்தச் சரணாலயம் அமைக்கப்பட்டதே அந்த மானைக் காப்பதற்காகத்தான்.

பாலை மரங்கள் செறிந்த காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், உடன் வந்த காவலர் வண்டியை நிறுத்தச் சொன்னார். பிணைகளும் குட்டிகளுமாகப் பத்துப் பதினைந்து மேய்ந்துகொண்டிருக்க, சற்றுத் தள்ளி ஒரு கிடா தனியே நின்றிருந்தது. முதுகெல்லாம் கருமை, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெண்மை, திருகித் திருகி மேலெழுந்த கொம்புகள். பழந்தமிழில் இரலை என்று பெயர் பெற்ற இந்த மானை என் நாற்பத்தாறு வயதில் முதன்முறையாகக் கண்ணெதிரே கண்டேன் என்பதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

ஒரு பிணை தலையைத் தூக்கிப் பார்த்த மறுநொடியில் மந்தை முழுவதும் துள்ளி எழுந்து ஓடியது. "ஏன்ப்பா காட்டுக்குள்ள போய் ஒளியாம வெட்டவெளிக்கே ஓடுது?" என்று மகள் கேட்டாள். காவலர்தான் பதில் சொன்னார்: "அதுக்குக் கண்ணும் காலும்தாம்மா காவல். தூரத்துலயே பார்த்துடணும், ஓடுறதுக்கு இடம் இருக்கணும்."

அந்த இடம்தான் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் புல்வெளியின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவிப் புதராக அடைத்துக்கொள்ள, அதன் அடியில் புல் முளைப்பதில்லை. உணவும் போகிறது, ஓடும் வழியும் போகிறது. அதைவிடக் கொடுமை, அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்னும் மாடுகளும் அங்கே திரியும் மட்டக்குதிரைகளும் மட்டுமல்லாமல், வெளிமானும் தன் புழுக்கையோடு அந்த விதைகளைத் தன் மேய்ச்சல் நிலத்திலேயே போட்டுவிடுகிறது. (அந்தக் குதிரைகளைப் படமெடுக்கக் கூடும் கூட்டத்தைப் பார்த்தேன். அழகானவைதாம், ஆனால் அவை மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்தவை, கோடைக்காலத்தில் மானோடு அதே புல்லுக்குப் போட்டியிடுபவை.)

சீமைக் கருவேலத்தை விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் ஏராளம் என்பதை அறிவேன். ஊர்ப்புறத்தில் அது வேறு வழக்கு. சரணாலயத்துக்குள் அதற்கு இடமில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அயல் தாவரங்களை அகற்றுவதற்கென 2022ஆம் ஆண்டு தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டதை மனமார வரவேற்றேன். ஆனால் இந்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும், மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். ஒருமுறை இயந்திரத்தைக் கொண்டுவந்து தோண்டிவிட்டுக் கணக்கை முடிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் உள்ளூர் மக்களுக்குக் கூலி கொடுத்து இளங்கன்றுகளை வேரோடு பிடுங்கச் செய்ய வேண்டும். அதற்கான தொகையைக் குறைந்தது பத்தாண்டுகளுக்கு இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.