டைனாக்கோ ஸ்டீரியோ 70: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஒரே ஜோடி ஸ்பீக்கரில், வால்வுகளில் (வெற்றிடக் குழாய்களில்) ஓடும் டைனாக்கோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபையர்கள் மூன்றை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் பழுதான பாகங்கள் மட்டும் புதியவை. இன்னொன்றில் மூன்று 12ஏடி7 வால்வுகள் கொண்ட புதிய டிரைவர் போர்டு (வரும் சிக்னலைப் பெருக்கி அவுட்புட் வால்வுகளுக்குத் தரும் பலகை). மூன்றாவதில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு, சிலிக்கான் டயோடுகளும் பெரிய கபாசிட்டர்களும். மூன்றாவதை வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

டேவிட் ஹாஃப்லரின் டைனாக்கோ 1959-இல் கொண்டுவந்த கருவி இது. வாங்கியவரே வீட்டில் பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாகவும் விற்றார்கள். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுகளாக நான்கு இஎல்34, சேனலுக்கு 35 வாட். விலையைக் குறைப்பதற்காகச் சில இடங்களில் கையைச் சுருக்கியிருக்கிறார்கள். மாற்ற வேண்டியவை அந்த இடங்கள்தான்.

பயாஸை, அதாவது பாட்டு ஓடாதபோதும் வால்வில் பாயும் மின்னோட்டத்தின் அமைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேனலின் இரண்டு இஎல்34-க்கும் சேர்த்து ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர், ஒரே திருகு. மீட்டரில் 1.56 வோல்ட் வரும்வரை திருக வேண்டும். புதிய டார்ச் செல் தரும் வோல்டேஜும் ஏறக்குறைய அதுதான் என்பதால், நல்ல மீட்டர் இல்லாதவரும் செல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கெட்டிக்கார யோசனை. ஆனால் 1.56 வோல்ட் என்றால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர். யாருக்கு எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது. என்னுடையதில் ஒன்று 65, மற்றது 35 இழுத்துக்கொண்டிருந்தது. மீட்டர் என்னவோ 1.56 என்று சமர்த்தாகக் காட்டியது. இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் ஒரு வால்வின் தகடு மங்கிய சிவப்பில் ஒளிர்வதைப் பார்த்தேன். 420 வோல்ட்டில் 65 மில்லியாம்பியர் என்றால் 27 வாட். இஎல்34 தகடு தாங்குவது 25. ஆகவே வால்வுக்கு ஒரு பயாஸ் திருகு என்ற மாற்றத்துக்கு நான் முழு ஆதரவாளன். பயாஸ் மின்சாரம் தரும் பழைய செலினியம் ரெக்டிஃபையரையும் யோசிக்காமல் தூக்கிவிடலாம்.

இப்போது அந்த மூன்றாவது. அதில் கழற்றப்பட்ட ரெக்டிஃபையரான ஜிஇசட்34 மெதுவாகச் சூடேறும் வால்வு. மற்ற வால்வுகள் தயாராகும் நேரத்தில்தான் உயர் மின்னழுத்தம் மெல்ல ஏறி வரும். டயோடு போட்டால் சுவிட்சைத் தட்டியதும் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 360 வோல்ட் ஏசியின் உச்சமான 509 வோல்ட், குளிர்ந்து கிடக்கும் வால்வுகள் மீது விழுகிறது. ஜிஇசட்34-இன் ஐந்து வோல்ட் ஃபிலமென்ட் (சூடேற்றும் கம்பி) சுமை குறைவதால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் சற்றுக் குளிர்ச்சியாக ஓடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) இறுகிக் கேட்பதும் உண்மை. ஆனால் அந்த இறுக்கத்தோடு குரலின் சதைப்பிடிப்பும் போய்விட்டது. இப்படித்தான் கேட்க வேண்டும் என்றால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே வாங்கியிருக்கலாமே!

புதிய டிரைவர் போர்டு விஷயத்தில் நான் ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். முதல் நாள் அசந்துபோனேன்: வயலின் முன்னால் வந்து நின்றது, இரைச்சல் இல்லை. மறுநாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், இதன் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கூடுதல். அதே வால்யூமில் ஒலி உரக்க வந்திருக்கிறது. உரக்க ஒலிப்பதைக் காது உயர்வென்று எடுத்துக்கொள்ளும். அளவைச் சமன் செய்து கேட்டபோது வித்தியாசம் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதி நிஜம். அமைதியான, நேர்மையான போர்டு அது. பழைய போர்டின் 7199 வால்வு இன்று எளிதில் கிடைக்காது என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைத்தான் சொல்வேன். என்றாலும் இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்திருப்பது, வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள். அவற்றை மாற்றியவரிடம் இருப்பது ஸ்டீரியோ 70 அல்ல, அந்தப் பெயர் ஒட்டிய தகரப் பெட்டி.

இஎல்34-ஐ மூன்று முனை வால்வு போல இயக்கும் டிரையோடு முறைக்கு மாற்றுவது பற்றிக் கேட்கிறார்கள். வாட் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிறிய அறையில் மெதுவாகக் கேட்பவருக்குச் சரி.

என் டப்பாவில் நல்ல 7199 இன்னும் மூன்று இருக்கின்றன. அவை தீரும்வரை என் பழைய போர்டைக் கழற்றுவதாக இல்லை.