தண்ணீர் எப்போதும் அழுத்தம் குறைந்த பக்கம்தான் ஓடுமா?

குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே விட்டமுள்ள கிடைமட்டக் குழாய்க்கு அது சரி. பொது விதியாகச் சொன்னால் தவறு. தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இதை அப்படியே மனதில் பதித்துக்கொள்ளக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

நடுவில் பம்பு இல்லாதபோது, ஓட்டத்தின் திசையில் குறைந்துகொண்டே போவது அழுத்தம், வேகம், உயரம் மூன்றும் சேர்ந்த மொத்த ஆற்றல். அழுத்தம் மட்டும் இடையில் ஏறவும் செய்யலாம். கிடைமட்டக் குழாய் ஒன்று 20 மி.மீ. விட்டமுள்ள கழுத்திலிருந்து (குறுகலான பகுதியிலிருந்து) மெல்ல விரிந்து 40 மி.மீ. ஆகிறது என்று வையுங்கள். வேகம் விநாடிக்கு 4 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறையும். இழப்பே இல்லையென்றால் இந்த மொத்த ஆற்றல் மாறாது என்பது பெர்னூலி சமன்பாடு. அதில் போட்டால் அழுத்தம் சுமார் 0.76 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தின் அளவுக்குக் கூட வேண்டும். உராய்வு இழப்பால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கூடும். ஆக, தண்ணீர் இங்கே அழுத்தம் அதிகமான பக்கம் நோக்கித்தான் போகிறது.

என் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். பெர்னூலி சோதனைக் கருவியில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களைக் கவனியுங்கள்; ஒவ்வொன்றின் நீர்மட்டமும் அந்த இடத்து அழுத்தத்தைக் காட்டும். கழுத்து வரை நீர்மட்டம் படிப்படியாக இறங்கும், அதைத் தாண்டியதும் மறுபடி ஏறும். ஓட்டத்தின் திசையோ மாறுவதில்லை. ஒவ்வொரு குழாயின் மட்டத்தோடும் அந்த இடத்து வேக உயரத்தை (வேகத்தால் வரும் ஆற்றலை நீர் உயரமாகச் சொல்லும் அளவு, v²/2g) கூட்டிப் பாருங்கள், அந்த மொத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.