பி.ஆர். அவளுடையது

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண்ணின் கலியாணப் படத்தைப் போட்டு, "கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தேன், பி.ஆர். கார்ட் கைக்கு வந்ததும் போய்விட்டாள், இவளைத் திருப்பி அனுப்ப வேண்டும்" என்று. கீழே கைதட்டியவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கனடாவில் மனைவியை ஸ்பொன்சர் செய்கிறவர் வைக்கும் கையெழுத்து, அவளுடைய அடிப்படைச் செலவுக்கு 3 வருடம் பொறுப்பு என்பதற்குத்தான். அவள் அரச உதவிப்பணம் எடுத்தால் நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும், பிரிந்தாலும் கட்ட வேண்டும். சரி, அது பாரம்தான். ஆனால் அந்தக் கையெழுத்து ஆளை உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாக வாழும் உரிமை, கிடைத்துவிட்டால் அது அவளுடையது.

"அப்ப ஏமாந்த ஆண்கள்?" என்று வருவீர்கள். இருக்கிறார்கள். கலியாணமே பொய் என்றால் முறைப்பாடு செய்யுங்கள், நிரூபணமானால் பி.ஆர். பறிபோகும். ஆனால் சரிவராமல் போன கலியாணமெல்லாம் பொய்க் கலியாணமா?

2012 ஒக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். புதிதாய்க் கலியாணம் செய்து, பிள்ளை இல்லாமல் வருகிறவர்கள் 2 வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும். அடி வாங்குகிறவர்களுக்கு விலக்கு இருந்தது, காகிதத்தில். பாஷை தெரியாமல், போனும் அவன் கையில் இருக்கிற பிள்ளை அதை எங்கே போய் நிரூபிப்பாள்? அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த ஒருத்தி, "ஒரு கடிதம் போட்டால் போதும், நீ பிளேன் ஏற வேண்டியதுதான்" என்ற ஒரு பேச்சுக்குப் பயந்தே எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடந்தாள். 2017 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் மனதிலிருந்து யார் எடுப்பது?

நானும் ஸ்பொன்சரில் வந்தவள்தான். கலியாணப் படங்கள், போனில் கதைத்த கணக்கு, நானும் அவரும் சண்டை பிடித்து எழுதிய மெசேஜ் வரைக்கும் முன்பின் தெரியாத அதிகாரி வாசிக்கக் கொடுத்தோம். அவ்வளவு கூசிப்போய் வந்த பிறகும் ஒரு சடங்கு வீட்டில், "அவன் எடுத்துவிட்டவள், இப்போது வாய் காட்டுகிறாள்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டு மோட்கேஜில் என் சம்பளமும் போகிறது, அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் நான்தான். அதெல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

"எல்லா ஆண்களும் அப்படியில்லை" என்று எழுத வருகிறவர்கள், அதை அந்தப் பதிவின் கீழே போய் எழுதுங்கள்.

இதை ஒளித்து வாசிக்கிற தங்கச்சிமாருக்கு: பி.ஆர். கிடைத்த பிறகு, பிரிந்து போனதற்காக மட்டும் அவர் அதை கான்சல் செய்ய முடியாது. கார்டை ஒளித்து வைத்திருந்தால், தொலைந்தது, களவு போனது போலவே புதிதாக விண்ணப்பிக்கலாம். புதுப்பிப்பதும் உங்கள் பெயரில்தான். அவருடைய கையெழுத்து அதற்குத் தேவையில்லை. பி.ஆர். இன்னும் வராமல், வீட்டில் அடியும் வாங்குகிறீர்கள் என்றால், அப்படியானவர்களுக்கென்றே கட்டணமில்லாத தற்காலிக அனுமதி 2019இலிருந்து இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் இன்பொக்ஸில் வாருங்கள், கூட இருந்து நிரப்பித் தருகிறேன்.