எம்பெடட் சிப் என்றால் எல்லாம் ஒன்றல்ல

கருவிகளுக்குள் பதிக்கவென்று செய்யப்படும் எம்பெடட் பிராசசர்களைப் பற்றி, "எம்பெடட் பதிப்பு எதையும் பழைய கணினி போர்டில் அப்படியே மாட்டலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருப்பது பாதிதான் உண்மை. ஏஎம்டியின் கே6-IIIஇ+ சிப்பில் சாக்கெட் 7 (பழைய பென்டியம் கால போர்டுகளில் சிப்பைச் செருகும் இடம்) வடிவமும் உண்டு. 256 கேபி எல்2 கேச் (இரண்டாம் அடுக்கு வேக நினைவகம்) உள்ளேயே இருப்பதால் போர்டிலுள்ள கேச் எல்3, அதாவது மூன்றாம் அடுக்கு, ஆகிவிடும். ஆனால் சிப்பின் உட்பகுதிக்கான கோர் மின்னழுத்தம் 2 வோல்ட் அளவுதான். 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத போர்டில் மாட்டினால் சிப் போய்விடும்.

இன்டெல் 386இஎக்ஸ் வேறு கதை. பழைய மேசைக் கணினிகளில் இருந்த 386டிஎக்ஸ் போலவே 132 கால்கள்தாம், ஆனால் பலகையில் ஈயம் வைத்து ஒட்டுகிற தட்டைக் கால்கள். வெளித் தரவுப் பாதையும் 16 பிட்தான். டைமரும் சீரியல் போர்ட்டும் உள்ளேயே அடக்கம். சிங்கப்பூரில் மின்னணுச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் டவர் முழுக்க அலசினாலும் அதைப் பொருத்த சாக்கெட் கிடைக்காது. தனிப் பலகைதான் வடிவமைக்க வேண்டும்.