முதலையின் பல் துலக்கும் பறவை: பகிரப்படும் படம் உண்மையா?

திறந்த முதலை வாய்க்குள் ஒரு சிறு பறவை நின்று பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சியைக் கொத்தித் தின்பது போன்ற படம், 'இயற்கையின் கூட்டுயிர் வாழ்வு' என்ற தலைப்புடன் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இதை உறுதிப்படுத்தும் நம்பகமான ஒளிப்படமோ காணொளியோ இதுவரை இல்லை. பரவும் படங்கள் கணினியில் உருவாக்கப்பட்டவை.

கதையின் வேர் மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நைல் முதலையின் வாயிலுள்ள அட்டைகளை ஒரு பறவை தின்பதாக எழுதினார் (அவர் சொன்னது அட்டை, இறைச்சியன்று). பிற்காலத்தார் அதனை எகிப்திய உப்புக்கொத்தி என்று கருதினர். ஆற்று மணல்திட்டுகளில் பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும் அப்பறவை, முட்டைகளை மணலில் புதைத்து, வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கிறது. கற்பனைக் கதையைவிட இதுவே எனக்கு வியப்பாக இருக்கிறது.

முதலை வாயைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் உடல் வெப்பத்தைத் தணிக்கவே. அதன் பற்கள் இடைவெளி விட்டு அமைந்தவை. விழுந்தாலும் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைப்பவை.

துப்புரவுக் கூட்டுறவுக்கு உண்மையான சான்று வேண்டுவோர் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். அங்கே நீலக்கோடிட்ட துப்புரவு மீன், பெரிய மீன்களின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் நுழைந்து ஒட்டுண்ணிகளைத் தின்பது பலமுறை படமாக்கப்பட்டுள்ளது. உப்புக்கொத்தியின் உணவு குறித்துப் பறவையியல் கையேடுகளில் சரிபார்க்கலாம். முதலைப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.